வெறும் "கட்டி" என்று எழுதாதீர்கள்

ஜமுனாமரத்தூரில் நேற்று சாயந்திரத்திலிருந்து மழை. கரண்ட் இப்போதுதான் வந்தது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் முதுகில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. பத்து வருடமாகத் தொந்தரவில்லை. போன வருடம் வளர ஆரம்பித்தது, நாற்காலியில் சாய்ந்தால் வலித்தது. மலையிலிருந்து கீழே இறங்கி, ஒரு தனியார் மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) அறுத்து எடுத்துக்கொண்டேன். வெறும் கொழுப்புக்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று திசுப் பரிசோதனையில் வந்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் காப்பீட்டுப் பணம் நின்றுவிட்டது. காரணம், "அழகுக்காகச் செய்துகொண்ட சிகிச்சை". ரிட்டயர்டு வாத்தியார் முதுகுக்கு என்ன அழகு என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தேன். முதுகில் கட்டி, அகற்றப்பட்டது. அவ்வளவுதான் எழுதியிருந்தது. எத்தனை சென்டிமீட்டர், எத்தனை நாளாக, வளர்ந்ததா, வலித்ததா, ஏன் எடுத்தோம், ஒன்றும் இல்லை. பரிசோதனை முடிவு நான் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து வந்தது. அதை யாரும் பழைய தாளில் சேர்க்கவில்லை. பதிவறையில் இருந்த பிள்ளை என்ன செய்யும்? தாளில் இருந்ததற்கு ஏற்ப ஆர்22.2 என்று கோட் போட்டிருந்தது. உடம்பின் நடுப்பகுதியில் ஏதோ ஒரு வீக்கம் என்று அர்த்தம். முடிவைச் சேர்த்திருந்தால் டி17.1, அதாவது அந்தப் பகுதியில் கொழுப்புக்கட்டி என்று போயிருக்கும். அப்போதும்கூட, வலித்தது, வளர்ந்தது என்ற ஒரு வரி இல்லாவிட்டால் அழகுக்கா அவசியத்துக்கா என்று கேள்வி வரத்தான் செய்யும். பிறகு மருத்துவர் நாலு வரியில் கடிதம் கொடுத்தார். மூன்று மாதம் அலைந்தபின் பணம் வந்தது.

இந்தக் கோட் எல்லாம் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. என்ற நோய்ப் பட்டியலில் இருப்பவை. 1893-ல் பெர்த்தியோன் என்ற பிரெஞ்சுக்காரர் இறப்புக் காரணங்களுக்காகப் போட்ட பட்டியல்தான் இதற்கு மூலம். 1948-லிருந்து உலக சுகாதார நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. பத்தாம் பதிப்புதான் பல இடங்களில் புழக்கத்தில் இருக்கிறது. பதினொன்றாம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நாம் மரு, மச்சம், பாலுண்ணி என்று பிரித்துச் சொல்வதைப்போல அதிலும் பிரிவு உண்டு. மச்சம் டி22, வைரஸால் வரும் மரு பி07, வயதானவர்கள் முதுகிலும் முகத்திலும் ஒட்டவைத்ததுபோல் வரும் கருப்புத் தடிப்பு எல்82. நம் பாட்டிகள் அம்மான் பச்சரிசிப் பால் வைக்கும்போதுகூட எது மரு, எது மச்சம் என்று பார்த்துத்தான் வைத்தார்கள். படித்தவர்கள் எல்லாவற்றையும் "கட்டி" என்ற ஒரே சொல்லில் அடைக்கிறோம்.

பணம் போனால் போகட்டும். இதை எழுதவைத்தது வேறொன்று.

20 வருடம் இருக்கும். எட்டாம் வகுப்பில் ஒரு பெண். கை, கழுத்தில் சின்னச் சின்னக் கட்டிகள், முதுகில் காப்பி நிறத்தில் திட்டுகள். பள்ளிக்கு வந்து பார்த்தவர் ஒருவர் அவசரத்தில் அவள் அட்டையில் "தொழுநோய்?" என்று எழுதிவிட்டுப் போனார். கேள்விக்குறி போட்டுத்தான் எழுதினார். ஊருக்குள் போகும்போது கேள்விக்குறி உதிர்ந்துவிட்டது. சத்துணவுக்கு அவளைத் தனியாக உட்காரவைத்தார்கள். வகுப்பாசிரியரான நான் அதை இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன். மூன்றாம் நாள் அவள் வரவில்லை.

அவள் அப்பாவைச் சம்மதிக்கவைத்து வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரிக்கு அழைத்துப்போக ஒரு மாதம் ஆனது. 1955-ல் தொழுநோய்க்கென்றே தொடங்கிய மருத்துவமனை. திட்டுகளைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார்கள், உணர்ச்சி நன்றாக இருந்தது. தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குறையும். இவளுக்கு இருந்தது நரம்பு உறையிலிருந்து வளரும் சாதுவான கட்டிகள், பிறவியிலேயே வருவது, யாருக்கும் ஒட்டாது. பட்டியலில் க்யூ85.0. தொழுநோய் ஏ30. ஒன்று பிறவிக் குறைகளின் பிரிவில், மற்றது தொற்றுநோய்ப் பிரிவில். நல்ல தாளோடு திரும்பி வந்தோம். பழைய அட்டையை யாரும் திருத்தவில்லை. "எழுதினது எழுதினதுதானே சார்" என்றார் அவள் அப்பா. அவள் பள்ளிக்குத் திரும்பவேயில்லை.

தொழுநோயும் மருந்தில் குணமாகும் நோய்தான், அதற்காகவும் யாரையும் தள்ளிவைக்கக் கூடாது. அது வேறு சண்டை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பார்க்காமலே "சாதாரண மச்சம்" என்று எழுதிவிடுவது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் நம்மிடையே அபூர்வம்தான். ஆனால் வரும்போது பல சமயம் உள்ளங்காலில், நகத்துக்கு அடியில் வருகிறது. செருப்பில்லாமல் காட்டுக்குப் போகிற ஊரில் அது முள் குத்திய கறுப்பாகத்தான் தெரியும். அங்கே அளவையும் தேதியையும் எழுதிவைத்தால்தான் அடுத்த முறை வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட முடியும்.

பரீட்சையில் தெரியாவிட்டாலும் எதையாவது எழுது என்று நானே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தாளில் அது கூடாது. நோய் உறுதியாகவில்லை என்றால் கண்ணுக்குத் தெரிந்த அறிகுறிக்குத்தான் கோட் போட வேண்டும், சந்தேகப்பட்ட நோய்க்கு அல்ல. ஐ.சி.டி. விதியே அதுதான். ஆக முதல் நாள் ஆர்22 என்று போடுவது தப்பில்லை. முடிவு வந்த பிறகும் அதையே விட்டுவைப்பதுதான் தப்பு.

முன்பு அட்டை கரையான் அரித்துப் போய்விடும், தப்பும் அதோடு போகும். 2021 செப்டம்பரில் தொடங்கிய டிஜிட்டல் ஹெல்த் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க எண் தருகிறார்கள். நல்ல திட்டம், எதிர்க்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் அட்டை இன்று எழுதப்பட்டிருந்தால் அவள் திருப்பூர் போனாலும் பெங்களூர் போனாலும் அந்தச் சொல் கூடவே போகும்.

கட்டி எடுத்துக்கொள்கிறவர்கள் வீடு திரும்பும் முன் தாளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கே, எவ்வளவு பெரியது, ஏன் எடுத்தார்கள் என்று இருக்கிறதா பாருங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் மறுபடி போய்ச் சேர்க்கச் சொல்லுங்கள். பஸ் செலவு வீணில்லை.

என் பழைய மாணவர்களில் செவிலியர்கள் இருக்கிறீர்கள், மருத்துவமனைக் கணினியில் உட்கார்ந்து பதிவு செய்பவர்களும் நான்கைந்து பேர் இருக்கிறீர்கள். தாளில் இல்லாததை நீங்களாக நிரப்பாதீர்கள். மருத்துவரிடம் திரும்பப் போய்க் கேளுங்கள். இருநூறு பேர் வரிசையில் நிற்கும்போது அவர் எரிந்து விழத்தான் செய்வார். இருந்தாலும் கேளுங்கள்.