எடையைக் குறைக்க வந்த திட்டமும் ஏளனத்தை வளர்த்த விதமும்

சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 1992ஆம் ஆண்டு பள்ளிகளில் ‘டிரிம் அண்ட் ஃபிட்’ என்னும் உடல்நலத் திட்டத்தைத் தொடங்கியது. எடை மிகுந்த மாணவர்கள் தனியே பிரிக்கப்பட்டு, கூடுதல் உடற்பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். சில பள்ளிகளில் இடைவேளையின்போதே, சக மாணவர் கண்ணெதிரே. திட்டத்தின் சுருக்கப்பெயர் ‘டி.ஏ.எஃப்.’ அதைப் பின்னிருந்து படித்தால் ‘ஃபேட்’, அதாவது ‘குண்டு’! பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? அதிகாரிகளுக்கு மட்டும் அது தோன்றவில்லை போலும்.

எடை மிகுந்தோர் விகிதம் 14 விழுக்காட்டிலிருந்து 10க்கும் கீழே இறங்கியது உண்மையே. ஆனால் கேலிக்கு ஆளான பிள்ளையின் கூனிக்குறுகலுக்கு அக்கணக்கில் இடமில்லை. 2007இல் திட்டம் கைவிடப்பட்டது.

இங்கிலாந்திலோ, 2005-06 கல்வியாண்டு முதல் தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பிலும் இறுதி வகுப்பிலும் பிள்ளைகளின் எடை அளக்கப்படுகிறது. முடிவு பல இடங்களில் பெற்றோருக்குக் கடிதமாக வருகிறது. அக்கடிதத்தை உறவினர் முன்னிலையில் படித்துக்காட்டி, “இனிச் சோற்றைக் குறை” என்று பிள்ளையை அதட்டும் தமிழ்ப் பெற்றோர், சிங்கப்பூர்ப் பள்ளிகள் செய்ததையே வீட்டிற்குள் செய்கின்றனர். நீரிழிவு குறித்த அச்சம் நியாயமானது. தெற்காசியருக்குக் குறைந்த எடையிலேயே அந்நோய் வருகிறது. அவ்வாறெனில், நீரிழிவு மாத்திரை விழுங்கும் தந்தையின் தட்டில் குவிந்திருக்கும் சோற்றைப் பற்றி எவரும் ஏன் வாய் திறப்பதில்லை?