ஏலியன் கூப்பிட்டதா, நம்ம வீட்டு மெஷினா?

சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரம் ப்ராக்ஸிமா சென்டாரி. தூரம் 4.2 ஒளி ஆண்டுகள். 2019-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி அதை நோக்கியிருந்தபோது, 982 மெகாஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய சிக்னல் பதிவானது. அவ்வளவு ஒல்லியான சிக்னல் இயற்கையில் உருவாக வழி தெரியவில்லை. தொலைநோக்கியை வேறு பக்கம் திருப்பினால் காணவில்லை. மறுபடி ப்ராக்ஸிமாவைப் பார்த்தால் ஆஜர்!

மறு வருடம் பதிவுகளை அலசிய ஒரு கல்லூரி மாணவர்தான் இதைக் கவனித்தார். 'பிஎல்சி1' என்று பெயர் வைத்து, சோஃபியா ஷேக் தலைமையிலான குழு மாதக்கணக்கில் துருவியது. அதே சாயலில் வேறு அலைவரிசைகளிலும் சிக்னல்கள் சிக்கின. தொலைநோக்கி ப்ராக்ஸிமாவைப் பார்க்காதபோதும் அவற்றில் சில வந்திருந்தன. 2021 அக்டோபரில் முடிவு வெளியானது: பூமியில் இருக்கும் ஏதோ எலெக்ட்ரானிக் சாதனத்தின் வேலை. (இதே பார்க்ஸில் பல வருடம் குழப்பிய இன்னொரு மர்ம சிக்னல், வேலை முடியும் முன்பே கதவு திறக்கப்பட்ட மைக்ரோவேவ் அவனிலிருந்து வந்தது என்று 2015-ல் தெரிந்தது. பாவம் விஞ்ஞானிகள்!)

அப்போ பக்கத்தில் யாருமே இல்லையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ப்ராக்ஸிமாவை, தண்ணீர் திரவமாக இருக்க வாய்ப்புள்ள தூரத்தில் ஒரு கோள் சுற்றுகிறது. என்ன, அந்த நட்சத்திரம் அடிக்கடி கதிர்வீச்சைக் கக்குவதால், அங்கே உயிர்கள் தாக்குப்பிடிப்பது சிரமம். மீறி நம்மைப் போலவே டிவி பார்க்கும் கூட்டம் ஒன்று அங்கே இருந்தாலும், அதன் ஒளிபரப்பு நம் தொலைநோக்கிகளுக்கு எட்டாது. நம் பக்கம் திரும்பி, பலமாகக் கூப்பிட்டால்தான் கேட்கும்.