கம்ப்யூட்டர் படிப்பில் பிள்ளைகள் கற்பது என்ன?

பி.யூ.சி. முடிவு வந்து, நுழைவுத் தேர்வின் ரேங்க் பட்டியலும் வெளியாகிவிட்டால், பெங்களூரில் ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான்: "கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைக்குமா?" பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்கள் பி.சி.ஏ. வகுப்பைத் தேடுகிறார்கள். பாட்டன் மில் தொழிலாளி, தகப்பன் குமாஸ்தா, பேரனோ பேத்தியோ கம்ப்யூட்டர் இன்ஜினீயர் என்று மூன்று தலைமுறையில் ஏறும் ஏணி இது. நகையை அடகு வைத்தாவது, பாங்கில் கடன் வாங்கியாவது பிள்ளையைச் சேர்த்துவிட வேண்டும் என்று பெற்றோர் துடிப்பதில் வியப்பில்லை.

ஆனால் சேர்த்துவிட்ட பிறகு, அந்த மூன்று நான்கு ஆண்டுகளில் வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று விசாரிப்பவர்கள் மிகச் சிலரே. "எத்தனை மார்க்கு?" "எந்த லாங்குவேஜ் சொல்லித் தருகிறார்கள்?" இந்த இரண்டு கேள்விகளோடு வீட்டு விசாரணை முடிந்துவிடுகிறது. அடகுக் கடைக்குப் போன நகை மீண்டு வருமா என்பதை இந்த இரண்டு கேள்விகளின் பதிலைக் கொண்டு சொல்லிவிட முடியாது. பிள்ளை என்ன கற்றான் என்பதே அதைத் தீர்மானிக்கும்.

மொழியா, அறிவா?

கம்ப்யூட்டர் படிப்பு என்றால் ஒரு புரோகிராம் மொழியைக் கற்பது என்றே பலர் எண்ணியிருக்கிறார்கள். இது டைப்ரைட்டிங் கற்பதையும் கணக்குப் பதிவியல் கற்பதையும் ஒன்றாக நினைப்பது போன்றது. விரல் வேகம் வேறு; எந்தத் தொகையைப் பற்றில் எழுதுவது, எதை வரவில் எழுதுவது என்று அறியும் அறிவு வேறு.

மொழிகள் வரும், போகும். போர்ட்ரான் 1957-ல் வந்தது. கோபால் அதற்குச் சில ஆண்டுகள் பின்னால் வந்தது. சி மொழி 1970-களில் உருவாயிற்று. பைதான் 1991-லும் ஜாவா 1995-லும் வெளியாயின. ஒவ்வொன்றும் வந்தபோது, "இதைக் கற்றால் போதும், வேலை நிச்சயம்" என்று விளம்பரப் பலகைகள் எழுந்தன. இவற்றுக்கு அடியில் இருக்கும் அறிவோ அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் முறையை டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர் 1959-ல் வெளியிட்டார். விவரங்களை அட்டவணைகளாகப் பிரித்து வைத்து ஒன்றோடொன்று இணைக்கும் முறையைக் காட் என்பவர் 1970-ல் வகுத்தார். இன்று கைப்பேசியில் வழி காட்டும் வரைபடத்துக்கும், பாங்கில் இருக்கும் கணக்குக்கும் இத்தகைய முறைகளே அடித்தளம்.

எனவே, "பாடத்திட்டம் பழசு" என்று வரும் புகாரை அப்படியே ஏற்பதற்கில்லை. விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2018, 2021, 2022 என்று அடுத்தடுத்துப் பாடத்திட்டத்தை மாற்றியமைத்திருக்கிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலும் 2018-ல் சுமையைக் குறைத்து, பொறியியல் பட்டப் படிப்புக்கு 160 கிரெடிட் கொண்ட மாதிரித் திட்டம் ஒன்றை வெளியிட்டது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க் ஆகிய பாடங்கள் எல்லாத் திட்டங்களிலும் இடம்பெற்றே வருகின்றன. அவை இருக்க வேண்டியவையே. அவற்றைக் கற்பிக்கும் விதத்தில்தான் கோளாறு இருக்கிறது.

டிக்கெட் கவுண்டர் சொல்லும் பாடம்

இந்தப் பாடங்கள் சாமானியருக்குப் புரியாத மர்மங்கள் என்று எண்ண வேண்டாம். ரிக்கார்டு அறையில் வேலை பார்த்த எந்தக் குமாஸ்தாவும் இவற்றில் பாதியைத் தெரியாமலே அறிந்தவர்தான். அகர வரிசையில் பத்து லட்சம் பெயர்கள் கொண்ட பேரேடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பெயரைத் தேட முதல் பக்கத்திலிருந்து புரட்டினால் பத்து லட்சம் வரிகளையும் பார்க்க நேரலாம். நடுவில் திறந்து, தேடும் பெயர் முன்பாதியிலா பின்பாதியிலா என்று பார்த்து, மறு பாதியை ஒதுக்கிவிட்டு, மீண்டும் நடுவில் திறந்தால் ஏறத்தாழ இருபதே தடவையில் பெயர் அகப்பட்டுவிடும். வரிசைப்படுத்தி வைத்தால்தான் இது முடியும். வரிசைப்படுத்துவதற்கும் நல்ல முறையும் மோசமான முறையும் உண்டு. ஒரு லட்சம் பெயர்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு அடுக்கும் எளிய முறையில் சுமார் 500 கோடி ஒப்பீடுகள் ஆகலாம். நல்ல முறையில் சுமார் 17 லட்சம் போதும். கம்ப்யூட்டர் ஒன்றுதான், மொழியும் ஒன்றுதான். வேறுபாடு எழுதியவர் மூளையில் இருக்கிறது.

இன்னொரு உதாரணம் தீபாவளிக்கு ஊர் போகிறவர்களுக்கு நன்றாகப் புரியும். ரயிலில் ஒரே ஒரு படுக்கை மிச்சம் இருக்கிறது. பெங்களூர் கவுண்டரில் ஒருவர், சேலம் கவுண்டரில் ஒருவர், இருவரும் ஒரே விநாடியில் கேட்கிறார்கள். இரண்டு கவுண்டரின் திரையும் 'காலி' என்று காட்டுகிறது. இருவருக்கும் டிக்கெட் கொடுத்துவிட்டால் ரயிலில் அடிதடிதான். ஒருவர் பார்த்துப் பதிவு செய்து முடிக்கும் வரை மற்றவர் அந்தப் படுக்கையைத் தொட முடியாதபடி பூட்டு போட வேண்டும். ஆனால் பூட்டியவர் பூட்டியபடியே நின்றுவிட்டால் மொத்த வரிசையும் நின்றுவிடும். இதற்கும் வழி சொல்ல வேண்டும்.

மாதா மாதம் தாய்க்குப் பணம் அனுப்புகிறவருக்கும் இதே பாடம்தான். இங்கே கணக்கில் ஐயாயிரம் கழிந்துவிட்டது, அங்கே ஏறவில்லை என்றால் வயிற்றைக் கலக்கும். இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டுமே நடக்காமல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். நடுவில் மின்சாரம் போனாலும் இந்த விதி தவறக் கூடாது. டேட்டாபேஸ் பாடத்தில் நான்கு எழுத்துகளைச் சேர்த்து 'ஆசிட்' என்ற பெயரில் இந்த விதிகளைச் சொல்லித் தருகிறார்கள். தேர்வில் அந்த நான்கு எழுத்துகளுக்கும் விரிவு எழுதினால் மார்க்கு கிடைக்கிறது. அதே மாணவனிடம், "அம்மாவுக்கு அனுப்பிய பணம் நடுவழியில் ஏன் தொலைவதில்லை?" என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். படிப்புக்கும் பாடத்துக்கும் உள்ள தூரம் இதுதான்.

ரிக்கார்டு நோட்டு என்னும் சடங்கு

கம்ப்யூட்டர் என்பது கை வைத்துக் கற்க வேண்டிய தொழில். தச்சு வேலையை நோட்டில் எழுதிக் கற்றவர் எவரும் இல்லை. ஆனால் கல்லூரி லேப் எப்படி நடக்கிறது? பருவத்துக்குப் பத்துப் பன்னிரண்டு புரோகிராம்கள் முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுக்கப்படுகின்றன. முந்தைய ஆண்டு மாணவன் எழுதிய ரிக்கார்டைப் பார்த்து இந்த ஆண்டு மாணவன் எழுதுகிறான். தேர்வில் அந்தப் பத்தில் ஒன்று வரும்; மனப்பாடம் செய்தவன் தேறிவிடுவான். கணக்குப் புத்தகத்தில் விடையை மட்டும் நெட்டுருப் போட்டது போலத்தான். 1990-களில் புழங்கிய டர்போ சி என்ற பழைய நீலத் திரையை அண்மைக் காலம் வரை பல லேப்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன என்பதும் கவனிக்கத் தக்கது.

கடைசி ஆண்டு புராஜெக்ட் இதைவிட வருந்தத் தக்கது. மாணவன் தானே ஒன்றை உருவாக்கிப் பார்க்க வேண்டிய ஒரே வாய்ப்பு அது. அதையும் விலைக்கு விற்கக் கடைகள் இருக்கின்றன. புரோகிராம், அறிக்கை, கேள்வி கேட்டால் சொல்ல வேண்டிய பதில் என்று மூன்றும் ஒரே பொட்டலமாகக் கிடைக்கிறது. தகப்பன் ஓவர்டைம் பார்த்துக் கொடுத்த பணம், மகனின் அறியாமையை மறைக்கச் செலவாகிறது. குற்றம் மாணவனுடையது மட்டும் அன்று. ஒரே ஆசிரியரிடம் ஏராளமான புராஜெக்ட்டுகளை ஒப்படைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் வரி வரியாகப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமாகாது.

இப்போது புதிதாக ஒரு நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது முதல், கேட்ட புரோகிராமை விநாடியில் எழுதித் தரும் கருவிகள் ஒவ்வொரு மாணவன் கையிலும் இருக்கின்றன. அச்சிட்ட பத்துப் புரோகிராம்களையும் அவை மூச்சு விடாமல் எழுதிவிடும். மனப்பாடத்துக்கு இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் இதனால் போயிற்று. இனி கம்ப்யூட்டர் படிப்பே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது அவசர முடிவு. இயந்திரம் எழுதித் தந்தது சரியா, தவறா என்று சொல்ல ஒருவர் வேண்டும். ஒரே படுக்கையை இருவருக்கு விற்கும் புரோகிராமையும் அந்த இயந்திரம் தயங்காமல் எழுதித் தரக்கூடும். பிழையைப் பார்த்தவுடன் கண்டுகொள்ளும் கண், அடிப்படைப் பாடங்களைப் புரிந்து படித்தவருக்கே வாய்க்கும். ஆகவே அடிப்படைகளின் தேவை முன்னைவிடக் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

ஈரோட்டுக்காரர் காட்டிய வழி

இந்தியாவில் இந்தப் படிப்புக்கு வித்திட்டவர்களில் ஒருவர், வெளி மாநிலத்தில் வாழ்ந்த தமிழர் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். பேராசிரியர் வி.ராஜாராமன் 1933-ல் ஈரோட்டில் பிறந்தவர். தில்லியில் படித்து, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் பின்னர் அமெரிக்காவிலும் கற்று, கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஆசிரியரானார். 1965-ல் அங்கே கம்ப்யூட்டர் சயன்ஸில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கினார். எம்.சி.ஏ. படிப்பு நாட்டில் ஏற்பட அவர் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரையே காரணம். 1982 முதல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பணியாற்றி, 2025 நவம்பரில் இந்நகரிலேயே காலமானார்.

1969 முதல் அவர் எழுதிய பாடப் புத்தகங்கள் மாணவர்கள் வாங்கக்கூடிய மலிவு விலையில் வந்தன. அந்தக் காலத்து மாணவர்கள் கற்றது போர்ட்ரான். துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டிய காலம் அது. இன்று போர்ட்ரானைத் தேடுவோர் குறைவு. ஆனால் அதைக் கொண்டு சிந்திக்கக் கற்றவர்கள் பின்னால் வந்த மொழிகளைத் தாமே கற்றுக்கொண்டு இந்நாட்டின் சாப்ட்வேர் தொழிலை வளர்த்தார்கள்.

பெற்றோர் கேட்க வேண்டியது

"இதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு, எங்கள் பிள்ளைக்கு உடனே வேலை வேண்டும்" என்று சொல்வோர் உண்டு. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் நல்ல வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் டேட்டாபேஸும்தான் முதலில் கேட்கப்படுகின்றன. அங்கே ரிக்கார்டு நோட்டு உதவாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தோற்றால் இன்னும் இரண்டு ஆண்டு காத்திருப்பான். கடனில் படித்த பிள்ளைக்கு அந்த அவகாசமும் இல்லை. புரிந்து படிக்க வேண்டிய அவசியம் ஏழைக்கே அதிகம்.

தகப்பனுக்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை மகனையோ மகளையோ உட்கார வைத்து மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இந்த மாதம் நீயாகவே என்ன செய்தாய்? அது எங்கே தப்பாகப் போயிற்று, எப்படிச் சரி செய்தாய்? அதை எனக்குப் புரியும்படி தமிழில் சொல், பார்ப்போம். தாய்மொழியில் விளக்கத் தெரியாவிட்டால், இங்கிலீஷில் எழுதியது நெட்டுரு என்று அறிந்துகொள்ளலாம்.

நகரெங்கும் முளைத்திருக்கும் பயிற்சி நிலையங்களில் சர்டிபிகேட்டுக்காகப் பல்லாயிரம் கட்டுவதற்கு முன், இலவசமாகக் கிடைப்பதைப் பார்க்கலாம். ஐ.ஐ.டி.க்களும் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் சிறந்த பேராசிரியர்களின் வகுப்புகள் வீடியோவாக உள்ளன. பார்க்கக் கட்டணமில்லை, தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவோரே பணம் கட்ட வேண்டும். பம்பாய் ஐ.ஐ.டி. தயாரித்த ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களைத் தமிழ்க் குரலிலும் கேட்கலாம். இங்கிலீஷ் தடையால் முதலாண்டில் தடுமாறும் பிள்ளைகளுக்கு இது பெரிய கைகொடுப்பு.

கல்லூரிகளும் தம் பங்கைச் செய்ய வேண்டும். லேப் தேர்வில் முன்பே அறிவித்த புரோகிராமைக் கேட்பதை விட்டு, மாணவன் பார்த்திராத சிறு பிரச்சினை ஒன்றைக் கொடுக்கலாம். பிழையுள்ள புரோகிராமைக் கொடுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். புராஜெக்ட்டைக் கடைசி நாளில் அறிக்கையாக வாங்காமல், வாரா வாரம் வளர்வதைப் பார்த்து மார்க்கு இடலாம். இவற்றுக்குப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ தேவையில்லை. ஆசிரியருக்கு நேரமும், நிர்வாகத்துக்கு மனமும் இருந்தால் போதும்.

மில் சங்கு ஒலிக்கு எழுந்து வேலைக்குப் போன தலைமுறை, தன் தொழிலைக் கையால் கற்றது. தறி ஓடாதபோது எந்த இழை அறுந்தது என்று அதற்குத் தெரியும். அதன் பேரப்பிள்ளைகள் கையில் புதிய தறி வந்திருக்கிறது. பட்டத்தின் பெயரைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினால் அது ஓடாது. இழை அறுந்த இடத்தைக் காணத் தெரிந்த பிள்ளைக்கே அது சோறு போடும். இந்த ஆண்டு கட்டணம் கட்டப் போகும் பெற்றோர், ரசீதை வாங்கிப் பெட்டியில் வைப்பதோடு நிற்காமல், பிள்ளை கற்பதையும் கணக்குப் பார்க்கத் தொடங்க வேண்டும்.