கர்ணத்தின் ஏடும் ஓசிப் பயிற்சியும்

'தரவுத்தள மென்பொருள் உருவாக்குநர்களுக்கு ஒரு நாள் இலவசப் பயிற்சி. அனைவரும் வரலாம். மதிய உணவு உண்டு.' சென்னையிலும் பெங்களூரிலும் இப்படி அறிவிப்புகள் அடிக்கடி வருகின்றன. நம் மாணவர்களிடம் சொன்னால் இரண்டு பதில் வருகிறது. 'அதெல்லாம் பெரிய காலேஜ் பசங்களுக்குண்ணே' என்பது ஒன்று. 'கார்ப்பரேட்காரன் ஆள் பிடிக்கிறான், நமக்கெதுக்கு அது' என்பது இன்னொன்று. முதல் பதிலில் வலி இருக்கிறது. இரண்டாவதில் அரசியல் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து நம் பிள்ளைகளை வீட்டில் உட்கார வைத்துவிடுகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த 'இலவசம்' என்ற சொல்லைப் பார்ப்போம். திருவண்ணாமலைப் பக்கத்துச் சேரியிலிருந்து ஒரு பெண் கிளம்ப வேண்டுமென்றால் போக வரப் பஸ் சத்தம் வேண்டும். காலை ஒன்பது மணிக்கு அரங்கில் இருக்க வேண்டுமென்றால் முதல் நாள் இரவே போய்த் தங்க வேண்டும். எங்கே தங்குவாள்? சனி ஞாயிறு துணிக்கடையில் நின்று சம்பாதிக்கிறவளுக்கு ஒரு நாள் கூலி போகும். 'மடிக்கணினி கொண்டு வரவும்' என்று கடைசி வரியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பான். வகுப்பு முழுக்க இங்கிலீஷ். இவ்வளவையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த அரங்குக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவனுக்குத்தான் அது இலவசம். அறிவிப்பு வந்த சேதியே அவனுக்குத்தான் முதலில் தெரிகிறது. மாமா சொல்வார், சீனியர் சொல்வார். நமக்கு மாமா செங்கல் சூளையில் இருக்கிறார்.

'அனைவரும் வரலாம்' என்ற வாசகம் நமக்குப் புதிதில்லை. 1923-இல் பம்பாய்ச் சட்டசபை பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. 1924-இல் மஹாட் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாக எழுதி வைத்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் அள்ளிக் குடிக்கிற வரையில் அந்தத் தண்ணீர் காகிதத்தில்தான் இருந்தது. குடித்தவர்களுக்கு அன்றே அடி விழுந்தது. இங்கேயும் 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் பொதுச்சாலை, பொதுக்கிணறு குறித்துத் தீர்மானம் கொண்டு வந்தார், நிறைவேறியது. நூறு வருஷம் ஆகியும் எத்தனை ஊர்த் தெருக்களில் அது செல்லுபடியாகிறது என்று உங்களுக்குத் தெரியும். திறந்திருக்கிறது என்று அறிவிப்பது ஒன்று, உள்ளே போய் அள்ளிக் குடிப்பது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் ஓர் இயக்கம் தேவைப்படுகிறது.

கம்பெனிக்காரன் ஏன் ஓசியில் சொல்லித் தருகிறான்? தர்மத்துக்கு இல்லை. ஒரு நிறுவனம் ஒரு தரவுத்தளத்தில் தன் கணக்கையெல்லாம் ஏற்றிவிட்டால் அதை விட்டு வெளியேறுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஆகவே, தன் சரக்கில் கை பழகியவர்களை ஊரெங்கும் உருவாக்கி வைத்தால் அவன் சரக்கு விற்கும். இது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூடவே இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் துறையின் அடிப்படை எந்தத் தனி முதலாளியின் சொத்தும் இல்லை. அட்டவணைகளாகத் தரவைப் பிரித்து ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் முறையை 1970-இல் காட் என்ற கணித அறிஞர் கட்டுரையாக வெளியிட்டார். அதைக் கேள்வி கேட்பதற்கான எஸ்.க்யூ.எல். மொழி 1974-இல் வந்தது, 1986-இல் பொதுத்தரமானது. போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் போன்றவற்றைக் காசில்லாமல் யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு கம்பெனியின் அரங்கில் உட்கார்ந்து இந்தப் பொதுச்சொத்தைக் கற்றுக்கொண்டு வர முடியும். மீன் தூண்டிலில் சிக்காமல் புழுவைத் தின்பது போலத்தான். கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும், அவ்வளவுதான்.

சரி, எதற்காகக் கற்க வேண்டும்? வேலைக்காக மட்டும் என்றால் இந்தப் பத்திரிகையில் இதை எழுத வேண்டியதில்லை.

ஊரில் கர்ணம் என்று ஒருவர் இருந்தார். எந்த நிலம் யாருடையது, எது புறம்போக்கு, எது பஞ்சமி என்பதெல்லாம் அவர் ஏட்டில் இருந்தது. அந்த ஏட்டுக்கட்டைத் தலையில் சுமந்துகொண்டு பின்னால் நடந்தவர் நம் ஆள். சுமக்கலாம், பிரிக்கக்கூடாது. 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு அந்தக் கிராமப் பதவிகளை அவசரச் சட்டத்தால் ஒழித்தது. பதவி போனது. ஏடு போகவில்லை, கணினிக்குள் குடியேறிவிட்டது.

1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் விளைவாக 1892-இல் நமக்கென்று நிலம் ஒதுக்க ஆணை வந்தது. பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் நம்மவருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை. அந்த நிலம் எங்கே? 1980களில் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது பல ஊர்களில் 'பஞ்சமி' என்ற சொல்லே ஏட்டிலிருந்து காணாமல் போனது என்பது நிலமீட்புப் போராளிகள் வெகுகாலமாகச் சொல்லிவரும் குற்றச்சாட்டு. காரணையில் அந்த மண்ணுக்காக 1994-இல் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். ஏட்டில் ஒரு சொல்லை அழிப்பதற்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. எழுதுகோல் போதுமானதாக இருந்தது.

எஸ்.க்யூ.எல். மொழியில் உரிமைகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பார்க்கலாம், சேர்க்கலாம், திருத்தலாம், அழிக்கலாம் என்று நான்கும் தனித்தனி. வழங்கு என்று ஒரு கட்டளை, பறி என்று ஒரு கட்டளை. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு மனுதர்மம்தான் ஞாபகம் வந்தது. இன்று கணினியில் பட்டாவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிறார்கள். நல்லது. பார்க்கும் உரிமை வந்திருக்கிறது. எவன், என்றைக்கு, எதைத் திருத்தினான் என்று கேட்கத் தெரிந்தவன் நம்மில் எத்தனை பேர்?

நான் வங்கியில் குமாஸ்தா. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். 2021-22 நிதியாண்டில் நூறு நாள் வேலைக் கூலியை எஸ்.சி., எஸ்.டி., மற்றவர் என்று மூன்றாகப் பிரித்து அனுப்பச் சொல்லி மத்திய அரசு ஏற்பாடு செய்தது. ஒரே ஏரியில் ஒன்றாக மண் வெட்டியவர்களுக்கு வேறு வேறு நாளில் பணம் வந்தது. 'அவளுக்கு ஏறிடுச்சாம், எனக்கு ஏன் சார் ஏறல?' என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஊர்களில் மனக்கசப்பு வளர்ந்தது, எதிர்ப்பு வந்தது, அந்த ஆண்டிலேயே அதைக் கைவிட்டார்கள். அட்டவணையில் ஒரு கட்டம் சேர்ந்ததால் களத்துமேட்டில் சண்டை. அதே கட்டம் நம் வங்கிப் படிவத்திலும் இருக்கிறது. நம் சாதிக்கு ஒரு குறியீடு உண்டு. மேல்சாதிக்காரனுக்கு 'பொது' என்று பெயர். அவன் சாதி எந்தக் கணக்கிலும் தெரியாது. இந்த அட்டவணையை வரைகிற மேசையில் நம் ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தால் 'யாருக்கு இது? எதற்கு?' என்று கேட்டிருப்பார்.

'புறக்கணிப்போம்' என்கிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வங்கி ஊழியர் சங்கங்கள் கணினியை எதிர்த்து வீரமாகப் போராடியவை. 1983-இலும் 1993-இலும் ஒப்பந்தங்கள் போட்டார்கள். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அது தேவையாக இருந்தது. எந்திரம் வந்தே தீர்ந்தது. அதற்குள் என்ன எழுதுவது என்பதை வேறு யாரோ தீர்மானித்தார்கள். ஏழைக் கிழவியின் கணக்கில் ராத்திரியோடு ராத்திரியாகப் பிடித்தம் செய்யும் நிரலைக் கவுண்டரில் இருப்பவன் கையால் நிறுத்த முடியாது.

கற்றுக்கொண்டால் சாதி போய்விடும் என்று சொல்ல வரவில்லை. 2020-இல் அமெரிக்காவில் சிஸ்கோ நிறுவனத்தின் மீது, தலித் பொறியாளர் ஒருவருக்குச் சாதிப் பாகுபாடு காட்டியதாகக் கலிபோர்னிய அரசுத் துறை வழக்குப் போட்டது. மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை 2023-இல் திரும்பப் பெற்றார்கள். 2022 ஏப்ரலில் தேன்மொழி சௌந்தரராஜன் கூகுளில் சாதி பற்றிப் பேசவிருந்த கூட்டம், ஊழியர் சிலர் எதிர்த்ததால் ரத்தானது. மென்பொருள் கற்றுத்தரும் இலவச வகுப்புக்குக் கதவு திறக்கும், சாதியைக் கற்றுத்தரும் இலவச வகுப்புக்குக் கதவு சாத்தப்படும். ஆகவே தனி ஆளாகப் போனால் அரங்கத்தில் ஒரு நாற்காலிதான் கிடைக்கும். நாம் கூட்டமாகப் போக வேண்டும்.

நான் சொல்வது இதுதான். பயிற்சி நடத்துபவர்களிடம் கேட்போம்: விழுப்புரத்திலும் ராமநாதபுரத்திலும் நடத்து, தமிழில் ஒரு அமர்வு வை, பஸ் சத்தமும் கணினியும் கொடு. கொடுக்காவிட்டாலும் நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நம் இரவுப் பள்ளிகளில், படிப்பகங்களில் நாலு ஞாயிற்றுக்கிழமை போதும், அட்டவணை என்றால் என்ன, சாவி என்றால் என்ன, இரண்டு அட்டவணையை எப்படி இணைப்பது என்று தமிழிலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம். பிறகு அஞ்சஞ்சு பேராக அனுப்புவோம். போய்ட்டு வந்தவர் அடுத்த ஞாயிறு பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை.

அவர்களின் முதல் வேலையும் தயாராக இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி அறுபது நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். நிவாரணத் தொகையைத் தவணை தவணையாகத் தர வேண்டும். நம் மாவட்டத்தில் எந்த வழக்கு அறுபது நாளைத் தாண்டியது, எந்தக் குடும்பத்துக்கு எந்தத் தவணை வரவில்லை என்று கேட்டால் தோழர்கள் பழைய டைரியைப் புரட்டுகிறார்கள். ஐந்து கட்டம் கொண்ட ஓர் அட்டவணை, ஒரு பழைய கணினி, காசில்லாத மென்பொருள், இவை போதும். தினமும் காலையில் அது கெடு முடிந்த வழக்குகளின் பட்டியலைக் கொடுக்கும். அந்தப் பட்டியலோடு போய் எஸ்.பி. ஆபீஸ் வாசலில் நிற்கலாம். பாதிக்கப்பட்டவர்களின் பெயரும் ஊரும் வேறு யார் கைக்கும் போகாதபடி பூட்டி வைக்கவும் அந்தப் பிள்ளைகளே கற்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் பட்டியலே நமக்கு எமனாகும். வழக்குகளுக்கு அடுத்ததாகப் பஞ்சமி நிலக் கணக்கை ஊர் ஊராகச் சேர்ப்போம்.

அடுத்த அறிவிப்பு வரும்போது கிழித்துப் போடாதீர்கள். போகப்போகும் பிள்ளைகளின் பெயரை எழுதத் தொடங்குங்கள், பஸ் சத்தத்துக்கு உண்டியல் குலுக்குங்கள். கர்ணம் சுமக்கச் சொன்ன ஏட்டை இனி நாம் பிரித்துப் படிக்க வேண்டும். தப்பாக எழுதியிருப்பதைத் திருத்த வேண்டும்.