மெலிவு ஒரு தகுதி அல்ல

இது ஒரு பதில். இதற்கான கேள்வி அச்சில் வரவில்லை. நம் வட்டத்து நண்பர்கள் நான்கைந்து பேர் கூடியிருந்த ஒரு மாலையில் சிரிப்புக்கு நடுவே வந்தது: ‘எழுதறவனுக்கு எதுக்குய்யா தண்டாலும் மூட்டை தூக்கறதும்? போன வருஷம் இருந்தியே, அதுதான்யா எழுத்தாளன் லக்ஷணம். இப்ப போலீஸ் செலக்ஷனுக்குப் போறவன் மாதிரி இருக்கே.’ எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு கிண்டலுக்கு இத்தனை பக்கங்களில் பதில் சொல்வது அதிகப்படியாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கிண்டலுக்குள் ஒரு மதிப்பீடு இருக்கிறது. நம் சூழலில் யாரும் பரிசீலிக்காமல் கைமாறிக் கைமாறி வந்திருக்கும் மதிப்பீடு அது. அதைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் விவரங்கள். சில வருஷங்களுக்கு முன், என் 53-வது வயதில், எனக்கு ரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டது. எடை அப்போது 86 கிலோ. குறைக்கச் சொன்னார் டாக்டர். குறைத்தேன். சோற்றைப் பாதியாக்கி, பிறகு அதிலும் பாதியாக்கினேன். ராத்திரி சாப்பாட்டை விட்டேன். காலையும் மாலையும் நடந்தேன். பதினான்கு மாதத்தில் 61 கிலோ. சர்க்கரை இறங்கியது. இதில் எனக்கு மனத்தாங்கல் ஒன்றுமில்லை. கரையவேண்டிய ஊளைச்சதை நிறையவே இருந்தது. எடை குறைப்பதற்கு எதிராக நான் எழுதுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கன்னம் ஒட்டிக் கழுத்தெலும்பு தெரிந்ததும் நண்பர்களிடத்தில் எனக்கு மரியாதை ஏறியது. முகத்தில் ஒரு தீவிரம் வந்திருப்பதாகச் சொன்னார்கள். ஒருவர் என் கவிதைகளே இறுகிவிட்டதாகச் சொன்னார். அந்த வருஷம் நான் ஒரு வரிகூட எழுதவில்லை, பழைய கையெழுத்துப் பிரதிகளைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னது காய்கறி விற்கும் அம்மாள்தான். ‘என்ன சார், இப்படி உருகிப் போயிட்டீங்க?’ என்றாள். மர பெஞ்சில் உட்கார்ந்தால் எலும்பு குத்தியது. மார்கழியில் மின்விசிறி இல்லாமலே குளிர்ந்தது. அச்சகத்திலிருந்து இதழ்க் கட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏற முடியாமல் நடைபாதையில் இறக்கி வைத்தேன். கண்ணாடியில் தெரிந்த கை என்னுடையதாக இல்லை.

அந்த எடையில் இருந்தபோது ஒரு நாள் காலை அம்மா குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். 84 வயது. 47 கிலோ. எலும்பு முறியவில்லை, ஆனால் எழ முடியவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். ஒரு சாண் எழும்பினாள். என் கை நடுங்கியது. மறுபடி உட்கார்த்திவிட்டேன். இரண்டாம் முறை அந்த ஒரு சாணும் இல்லை. எதிர்வீட்டு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, குனிந்து, ஒரே மூச்சில் தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுப் போனார். ஈரப்புடவையோடு அம்மா சொன்னாள்: ‘நீ என்னடா பண்ணுவே, உனக்கே உடம்புல ஒண்ணுமில்லே.’ குற்றமாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று நான் எடை பார்க்கும் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அது பொய் சொல்லவில்லை, பாதி சொன்னது. உணவைக் குறைப்பதால் மட்டும் இறங்கும் எடையில் சுமார் நான்கில் ஒரு பங்கு கொழுப்பல்லாத பகுதியிலிருந்து, தசையிலிருந்தும் அதைச் சார்ந்தவற்றிலிருந்தும், போகிறது. என் கணக்கில் அது ஆறு கிலோ. உயரத்துக்கும் எடைக்குமான கணக்குப்படி நான் ‘சரியாக’ இருந்தேன். அந்தக் கணக்கை 1832-ல் போட்டவர் கெத்தலே என்ற பெல்ஜிய வானியலாளர். ஜனத்தொகையை அளக்கப் போட்ட கணக்கு அது, ஒரு மனிதனை அளக்க அல்ல. 2004-ல் புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் தங்கள் உடம்புகளையே உதாரணமாக வைத்து ‘லான்செட்’டில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்கள். இருவருக்கும் கெத்தலே கணக்கில் ஒரே எண், 22.3. உடம்பில் கொழுப்போ வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்தியன் உள்ளே ஒல்லி அல்ல. அவனிடம் குறைவது தசை. வயது ஏற ஏறத் தசை தேய்வதற்கு 1989-ல் ரோசன்பர்க் என்ற அமெரிக்கர் கிரேக்க வேர்களிலிருந்து ஒரு பெயர் வைத்தார், ஸார்க்கோபீனியா என்று. தமிழில் சொன்னால் சதை வறுமை. வறுமை என்ற சொல்லைக் கவனியுங்கள்.

ஏனென்றால் நம் இலக்கியத்தில் மெலிவு எங்கிருந்து வந்தது என்பதை நாம் வசதியாக மறந்திருக்கிறோம். அது வறுமையிலிருந்தும் நோயிலிருந்தும் வந்தது. புதுமைப்பித்தன் சினிமாவுக்கு வசனம் எழுதப் புனே போய், காசநோயோடு திரும்பி, 1948-ல் 42 வயதில் செத்தார். பாரதி 1921-ல் 38 வயதில் போனார். அந்தப் பாரதி தன் புதிய ஆத்திசூடியில் உடம்பை உறுதியாக்குவதை ஒரு கட்டளையாகவே வைத்தவர். இவர்கள் மெலிந்ததால் எழுதவில்லை. மெலிவு வந்து எழுத்தை நிறுத்தியது. ஒரு சமூகம் தன் சிருஷ்டிகர்த்தாக்களைப் பட்டினி போட்டது வெட்கப்படவேண்டிய விஷயம். நாம் வெட்கப்படுவதை விட்டுவிட்டு, ஒட்டிய கன்னத்தைச் சட்டம் போட்டு மாட்டி, அதையே ஒரு அழகியலாக்கிவிட்டோம்.

நண்பர் காஃப்காவைக் காட்டுவார் என்பது தெரியும். எப்போதும் காட்டுகிறார். ‘பட்டினிக் கலைஞன்’ 1922-ல் வெளிவந்தது. 1924-ல், தொண்டைக் காசநோயால் விழுங்கவும் முடியாமல் கிடந்தபடி, அந்தக் கதை அடங்கிய தொகுப்பின் அச்சுப்படிகளைக் காஃப்கா திருத்தினார். உலுக்குகிற விஷயம்தான். ஆனால் கதையை ஒழுங்காகப் படித்திருந்தால் அந்தக் கலைஞன் கடைசியில் என்ன ஒப்புக்கொள்கிறான் என்பது நினைவிருக்கும். தன் பட்டினியில் பாராட்ட ஒன்றுமில்லை, தனக்குப் பிடித்த சாப்பாடு கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்கிறான். அவன் போன பிறகு அதே கூண்டில் ஒரு இளம் சிறுத்தையை விடுகிறார்கள். இன்னொன்று: இந்தக் காஃப்கா, முல்லர் என்ற டேனிஷ்காரர் 1904-ல் வெளியிட்ட, தினம் பதினைந்து நிமிஷ உடற்பயிற்சி முறையை வருஷக்கணக்கில், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்துவந்தவர். நீந்தினார், துடுப்புப் போட்டார். தன் மெலிவை அவர் வழிபடவில்லை. அதோடு சண்டை போட்டார். வழிபடுவது நாம்.

மெலிவு பிரக்ஞையைக் கூர்மையாக்கும் என்பது இன்னொரு ஐதீகம். 1944-45-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்ஸெல் கீஸ் ஒரு பரிசோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமே முன்வந்தார்கள். 24 வாரம் அரைப்பட்டினி. உடம்பில் கால் பங்கு கரைந்தது. கூர்மையடைந்த பிரக்ஞை எதைப் பற்றிக்கொண்டது தெரியுமா? சமையல் புத்தகங்களை. லட்சியத்துக்காகச் சிறைக்கும் போகத் துணிந்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள், சாப்பாட்டைத் தவிர வேறெதிலும் மனம் நிற்காமல், சிரிப்பும் காமமும் சிநேகமும் வற்றிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இதை நம்பப் புத்தகம் தேவைப்படவில்லை. என் கவிதை ‘இறுகிய’ அந்த வருஷத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு நான் செல்போனில் பிரியாணி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா விழுந்த வாரமே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். நடத்துகிறவர் ஒரு காலத்தில் பளு தூக்கியவர். என் சரித்திரம் முழுவதையும் கேட்டுவிட்டு, ‘சரி சார், உங்களுக்கு என்ன தூக்கணும்?’ என்றார். ‘எங்க அம்மாவை’ என்றேன். அவர் சிரிக்கவில்லை. மூலையிலிருந்த மணல் மூட்டையைக் காட்டினார். 15 கிலோ. தரையிலிருந்து மார்புக்கு, மறுபடி தரைக்கு. அன்று அதுவே எனக்கு அதிகம்.

விதி எளிமையானது. வாரம் மூன்று நாள். தாங்குவதைவிடச் சற்றே கூடின பாரம். பிறகு ஓய்வு, பிறகு சாப்பாடு. ஒரு மூட்டை சுலபமானதும் இரண்டு கிலோ மணல் சேர்ப்பார். பஸ்கியும் தண்டாலும் கூட. பயத்தோடு ஒதுக்கிவைத்திருந்த சாப்பாடு முட்டையாக, மீனாக, சுண்டலாக, வேர்க்கடலையாகத் திரும்பி வந்தது. நம் தெற்கத்தி ஊர்களில் கோவில் முன்னால் கிடக்கும் இளவட்டக்கல்லைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. முழங்கால், மார்பு, தோள் என்று படிப்படியாக ஏற்றி முதுகுக்குப் பின்னால் போடவேண்டும் அந்தக் கல்லை. அங்கே யாரும் இளைஞனை எடை போட்டுப் பார்க்கவில்லை. அவன் எதை எடுத்தான் என்பதே கேள்வி. வயதாகிவிட்டது என்பதும் பதிலாகாது. பாஸ்டனில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேரை எட்டு வாரம் கால்பாரம் தூக்கவைத்துப் பார்த்தார் ஃபியாடரோன் என்ற டாக்டர். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியதாக 1990-ல் பதிவாகியிருக்கிறது.

பத்து மாதத்தில் 50 கிலோ மூட்டை மார்புக்கு வந்தது. என் எடை 67 ஆனது. ‘திரும்பவும் ஏறிடுச்சே’ என்று நண்பர்கள் துக்கம் விசாரித்தார்கள். சர்க்கரை ஏறவில்லை. சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். தசையைக் கரைத்துச் சர்க்கரையை ஜெயிக்கப் பார்ப்பது, களஞ்சியத்தை இடித்துவிட்டு நெல்லை எங்கே கொட்டுவது என்று கேட்பது மாதிரி.

‘மிஷிமா?’ என்று ஒருவர் கேட்டார். நியாயமான ஆட்சேபம். மிஷிமா 1955-ல் இரும்பு தூக்க ஆரம்பித்தார், ‘சூரியனும் எஃகும்’ எழுதினார், 1970-ல் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். உடம்பை ஒரு சிலையாகச் செதுக்கி அதை மரணத்துக்குப் படைத்தவர் அவர். நம் சினிமாக் கதாநாயகர்களின் வயிற்றுக் கட்டங்களும் அதே சிலை வியாபாரத்தின் மலிவுப் பதிப்பு. ஒட்டிய கன்னமும் புடைத்த புஜமும் எனக்கு ஒரே வியாதியாகத்தான் படுகின்றன. இரண்டும் உடம்பைப் பார்க்கப்படும் பொருளாக வைத்திருக்கின்றன. நான் பேசுவது எடுக்கவும் தாங்கவும் ஆன உடம்பைப் பற்றி. அது கண்ணாடியில் தெரியாமலே இருக்கலாம்.

இந்தப் பத்திரிகையில் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. கவிதையிலும் நாம் இதையேதான் செய்துகொண்டிருக்கிறோம். 1959-ல் ‘எழுத்து’ வந்தபோது தமிழ்ச் செய்யுளில் ஊளைச்சதை தொங்கியது. எதுகைக்காக ஒரு வரி, மோனைக்காக ஒரு அடைமொழி. வெட்டவேண்டியிருந்தது, வெட்டினார்கள். அது வைத்தியம். அந்த வைத்தியத்தையே நாம் உணவாக்கிக்கொண்டோம். சொல்லைக் குறை, இன்னும் குறை, வினையை எடு, ஆளை எடு, ஊரை எடு. இன்று வருகிற மூன்று வரிகளைச் சிக்கனம் என்று பாராட்டுகிறோம். எதைச் சிக்கனம் செய்தார் என்று கேட்டால் பதில் இல்லை. கையில் இருந்தவன் சிக்கனம் பண்ணலாம். இல்லாதவனுடையது வறுமை. ஒரு சாவை, ஒரு நிலத்தகராறை, ஒரு கிழவியின் முழுப் பகலைத் தூக்க முடியாத கவிதைகளை அவற்றின் விலா எலும்பு தெரிகிறது என்பதற்காக மெச்சிக்கொண்டிருக்கிறோம்.

அந்த ‘எழுத்’தை நடத்திய செல்லப்பா, தான் போட்ட புத்தகங்களைத் தானே மூட்டையாகச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். புதுக்கவிதை தமிழில் நின்றதற்கு அவர் விமர்சனம் காரணம் என்கிறோம், அவர் தோளும் காரணம். ‘வாடிவாசல்’ எழுதியவரும் அவர்தான். காளையின் திமிலில் பிடி விழும் அந்தக் கணத்தில் பிரக்ஞை எங்கே முடிந்து உடம்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம்.

நண்பருக்குக் கடைசியாக ஒன்று. எழுத்தாளன் லக்ஷணம் என்ன என்று எனக்குத் தெரியாது. அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் மாற்றுவது இப்போது நான்தான். இரண்டு மாதமாக மறுபடி எழுதுகிறேன். நன்றாக வருகிறதா என்பதை நீங்கள் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். என் கன்னத்தைப் பார்த்து மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த இதழின் கட்டுகளை அச்சகத்திலிருந்து நானே எடுத்து வருகிறேன்.