தேன்கூடா, சீப்பா?

ஹனிகோம்ப்ஸ் என்ற லண்டன் குழுவை இப்போது யார் நினைக்கிறார்கள்? 'ஒரு பாட்டுக்காரர்கள், பெண் டிரம்ஸ் வாசித்த வேடிக்கைக் குழு' என்று ஒரே குறிப்பில் கோப்பை மூடிவிடுகிறார்கள். நாற்பது வருஷம் கோப்பு பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை.

மார்ட்டின் முரே என்ற முடி அலங்காரக்காரர் தொடங்கிய குழு அது. அவர் கடையில் வேலை பார்த்த ஹனி லான்ட்ரிதான் டிரம்ஸ். பெயரிலும் சிலேடை உண்டு: ஆங்கிலத்தில் தேன்கூடும் சீப்பும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. நான் படித்த பிரெஞ்சில் இது நடக்காது. தேனடைக்கு ரேயோன், சீப்புக்குப் பேஞ் என்று தனித்தனியே சொல்லியாக வேண்டும்!

1964 ஜூனில் 'ஹேவ் ஐ த ரைட்' வந்தது. ஆகஸ்ட் கடைசியில் பிரிட்டனில் முதலிடம், பிறகு அமெரிக்காவில் ஐந்தாமிடம். பதிவு செய்தவர் ஜோ மீக். ஸ்டூடியோ என்பது ஹாலோவே ரோட்டில் தோல்பொருள் கடைக்கு மேலே இருந்த அவருடைய வாடகை வீடு. மாடிப்படிக் கைப்பிடியில் சைக்கிள் கிளிப்பால் மைக்குகளைக் கட்டி, குழுவினரைப் படியில் தொம் தொம்மென்று மிதிக்கவிட்டார். பாட்டில் கேட்கும் அந்த அதிர்வு மரப்படியின் அதிர்வு.

இதனால்தான் ஹனிக்கு அநியாயம் நடந்தது என்பேன். மிதிச் சத்தத்தைக் கேட்டவர்கள் அந்தப் பெண்ணின் கையைக் கேட்கவில்லை. அழகுக்காக உட்கார வைத்திருக்கிறார்கள் என்று பத்திரிகைகளில் சந்தேகம் வேறு. அவர்தான் வாசித்தார். 1965இல் பன்னிரண்டாமிடம் வரை போன 'தட்ஸ் த வே' பாட்டில் சேர்ந்தும் பாடினார். அதே வருஷம் ஜப்பானில் இவர்களுக்கு இருந்த வரவேற்பில், டோக்கியோ மேடைப் பதிவு ஒன்று அந்த நாட்டுக்கென்றே இசைத்தட்டாக வந்தது. ஒரு பாட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் நடக்குமா?

மீக்கின் கதை சோகம். 'டெல்ஸ்டார்' மெட்டு தன்னுடையது என்று ழான் லெத்ரு என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் வழக்குப் போட, ராயல்டி முடங்கியது. 1967 பிப்ரவரி 3 அன்று மீக் வீட்டுக்காரம்மாவைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது, செத்த பிறகு. குழுவும் அந்த வருஷமே கலைந்தது.

ஹனி 2018 டிசம்பரில் காலமானார். அந்தப் பாட்டைக் கேட்க நேர்ந்தால், படிச் சத்தத்தை ஒதுக்கிவிட்டு டிரம்ஸை மட்டும் கேளுங்கள்.