அப்பெண்டிக்ஸ்னாலே ஆபரேஷன்தானா?

தொப்புளைச் சுற்றி ஆரம்பிச்ச வலி, சில மணி நேரத்துல வலது பக்க அடிவயிற்றுக்கு இறங்குது. லேசா காய்ச்சல், குமட்டல். 'அப்பெண்டிக்ஸ்' என்கிறார் டாக்டர். உடனே உங்க மனசு ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிடும், இல்லையா?

பின்லாந்து மருத்துவர்கள் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. சி.டி ஸ்கேனில் சிக்கலில்லாத குடல்வால் அழற்சின்னு உறுதியான 530 பேர். பாதிப் பேருக்கு ஆபரேஷன், மீதிப் பேருக்கு ஆன்டிபயாடிக் மட்டும். 2015-ல் முடிவு வந்தது. மருந்து எடுத்தவர்களில் சுமார் 73 சதவிகிதம் பேருக்கு ஓராண்டு வரை கத்தியே தேவைப்படலை. ஆனா, 'ஆபரேஷனுக்கு மருந்து இணை'ன்னு ஆய்வாளர்களால் நிரூபிக்க முடியலை. அவங்க முன்கூட்டியே வெச்ச அளவுகோல் அவ்வளவு கறார். ஐந்தாண்டில் 39 சதவிகிதம் பேருக்கு அழற்சி திரும்பவும் வந்திருந்தது. தாமதமா ஆபரேஷன் செஞ்சதால பெரிய சிக்கல் எதுவும் வரலைங்கிறது ஆறுதல்.

இது வெற்றியா, தோல்வியா? அடுத்த வாரம் பரீட்சை இருக்கிறவருக்கு ஒரு பதில்; 'திரும்ப வந்துடுமோ'ங்கிற பயத்தோட வாழ முடியாதவருக்கு வேற பதில்.

2020-ல் 1,552 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு இன்னொண்ணும் சொன்னது. குடல்வாலில் சின்னக் கல் இருந்தா, மருந்து எடுத்தவர்களில் 41 சதவிகிதம் பேர் 90 நாள்களுக்குள்ள ஆபரேஷனுக்கு வந்துட்டாங்க. கல் இல்லாதவர்களில் அது 25 சதவிகிதம்தான்.

இதைப் படிச்சுட்டு மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீங்க. ஸ்கேன் எடுத்து, மருத்துவர் கண்காணிப்புல நடந்த சிகிச்சை இது. குடல்வால் வெடிச்சா உயிருக்கே ஆபத்து. 'டாக்டர், ஸ்கேன்ல கல் தெரியுதா?'ன்னு மட்டும் தயங்காம கேளுங்க.